ஊர் அறிந்த கொலையை எழுதுவது: அநீதியும் ஒரு குடும்பத்தின் நீதித் தேடலும் பற்றிய குற்றப் புதினத்துக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில், நீதிமன்றத்தை ஒட்டிய தெரு ஒன்றில், ஒரு வழக்கறிஞரிடம் 11 ஆண்டுகள் தட்டச்சராக வேலை பார்த்தேன். சாதியின் பெயரால் நடந்த கொலைகளைப் பற்றிய மனுக்களை அங்கே அடிக்க நேர்ந்தபோதெல்லாம் ஒன்றைக் கவனித்தேன்: கொன்றவர் யார் என்ற கேள்வியோடு எந்தக் குடும்பமும் படியேறி வந்ததில்லை. அது தாய்க்குத் தெரியும், பக்கத்துத் தெருவுக்குத் தெரியும், பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்கும் தெரியும். தெரியாமல் இருந்தது காவல் நிலையப் பதிவேட்டுக்கு மட்டுமே. ஊர் அறிந்த ஒன்றைப் பதிவேட்டில் ஏற்றுவதற்காகவே அந்தக் குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் நடந்தன.

இன அநீதியையும் ஒரு குடும்பத்தின் நீதித் தேடலையும் மையமாகக் கொண்டு குற்றப் புதினம் எழுத விரும்பும் தமிழ் எழுத்தாளர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். கதை சொல்லத் தெரிந்தவர்கள்கூட இந்த வகையில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். துப்பறியும் கதையின் பழைய சட்டகத்தை அப்படியே எடுத்து வந்து, அதற்குள் இந்த வலியை அடக்கப் பார்ப்பதுதான் பெரும்பாலும் காரணம்.

முதல் படி: கேள்வியை மாற்றுங்கள்

வழக்கமான துப்பறியும் கதையில் உண்மை ஒளிந்திருக்கிறது. அரசும் சட்டமும் அதைக் கண்டுபிடிக்க விரும்புகின்றன. நீங்கள் எழுதப்போகும் கதையில் உண்மை பட்டப்பகலில் நிற்கிறது. அதைக் காண வேண்டியவர்களுக்கு விருப்பம் இருக்கிறதா என்பதே கேள்வி. 1955 ஆகஸ்டில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை அவனுடைய உறவினர் வீட்டிலிருந்து நள்ளிரவில் இழுத்துச் சென்று கொன்றார்கள். இழுத்துச் சென்றவர்களை அந்த வீட்டுப் பெரியவர் நீதிமன்றத்தில் எழுந்து நின்று கைநீட்டி அடையாளம் காட்டினார். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான நேரத்தில் இருவரையும் விடுதலை செய்தது. சில மாதங்கள் கழித்து, பணம் பெற்றுக்கொண்டு, தாங்களே கொன்றதாக அவர்கள் ஒரு பத்திரிகையிடம் சொன்னார்கள். ஒரே குற்றத்துக்கு மீண்டும் விசாரிக்க முடியாது என்பதால் சட்டம் கைகட்டி நின்றது. இந்த வழக்கில் 'யார் செய்தது' என்ற முடிச்சைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. மகனின் சிதைந்த முகத்தை ஊர் பார்க்கட்டும் என்று சவப்பெட்டியைத் திறந்தே வைக்கச் சொன்ன தாயின் முடிவில்தான் இதன் கதை இருக்கிறது.

நம் பக்கம் திரும்புவோம். 1993 மார்ச்சில், இன்றைய கடலூர் மாவட்டத்தின் முதனை கிராமத்தைச் சேர்ந்த குறவர் சமூகத் தொழிலாளி ஒருவர் திருட்டு வழக்கு விசாரணை என்று அழைத்துச் செல்லப்பட்டுக் காவலில் இறந்தார். அவர் தப்பி ஓடிவிட்டதாகக் காவல்துறை சொன்னது. அவருடைய மனைவி தொடுத்த ஆட்கொணர்வு மனுவை, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு வழக்கறிஞராக நின்று நடத்தினார். அந்த மரணத்துக்கு மறுமாதமே லண்டனின் எல்தம் பகுதியில், பேருந்து நிறுத்தம் ஒன்றில் காத்திருந்த ஸ்டீவன் லாரன்ஸ் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞரை வெள்ளையினக் கும்பல் குத்திக் கொன்றது. சந்தேகத்துக்குரியவர்களின் பெயர்கள் ஓரிரு நாட்களிலேயே காவல்துறைக்குத் தகவலாக வந்துவிட்டன. கைதுகள் உரிய நேரத்தில் நடக்கவில்லை. பெற்றோர் விடாமல் போராடியதன் பின்பே, காவல்துறையில் நிறுவனமாகவே இனவெறி வேரூன்றியிருக்கிறது என்று 1999இல் விசாரணை அறிக்கை எழுதியது. இரண்டு குடும்பங்களும் ஒன்றையொன்று அறியாதவை. ஆனால் இரண்டும் தட்டிய கதவு ஒன்றே.

இனமும் சாதியும் ஒன்றா என்று கேட்பவர்கள் உண்டு. ஒன்று என்று நான் சொல்ல மாட்டேன். தோலின் நிறமும் தெருவின் பெயரும் வெவ்வேறு வழிகளில் மனிதரைக் குறிவைக்கின்றன. எனினும் எல்லா வகை இனப் பாகுபாட்டையும் ஒழிப்பதற்கான 1965ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை, நிறத்தோடும் இனத்தோடும் 'பிறப்பு வழி' என்பதையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. சாதியும் அதில் அடங்கும் என்று அதன் குழு 2002இல் விளக்கியது. வேறு நாட்டு நாவல்களிலிருந்து வடிவத்தைக் கற்றுக்கொள்ளலாம்; ஆனால் நம் கதையில் அநீதிக்கு நம் ஊர்ப் பெயரே இருக்க வேண்டும்.

இரண்டாம் படி: களத்தை எல்லையில் வையுங்கள்

கடலூரையும் புதுச்சேரியையும் அறிந்தவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. இரண்டு நகரங்களுக்கும் இடையே 22 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது. பாகூர்ப் பக்கம் அந்தக் கோடு வயலுக்குள் வளைந்து, வாய்க்காலைத் தாண்டி, சில இடங்களில் ஒரே குடும்பத்தின் நிலத்தையே பிரித்துக்கொண்டு போகிறது. இந்தப் பக்கம் தமிழ்நாடு காவல்துறை. அந்தப் பக்கம் சிவப்புத் தொப்பிக் காவலர்களைக் கொண்ட புதுச்சேரி காவல்துறை. இரண்டு அரசுகள், இரண்டு நிர்வாகங்கள். ஆனால் இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே சென்னை உயர் நீதிமன்றம். உடல் ஒரு பக்கமும் வீடு மறுபக்கமும் இருந்துவிட்டால், குடும்பத்தை அலைக்கழிப்பதற்கு எவரும் சதி செய்ய வேண்டியதில்லை. 'எங்க லிமிட் இல்ல' என்ற மூன்று சொற்கள் போதும். எந்த எல்லையில் நடந்த குற்றமானாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதியலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்வதும் மேசையில் நடப்பதும் எங்கே பிரிகின்றனவோ, உங்கள் இரண்டாவது அத்தியாயம் அங்கே தொடங்கலாம்.

இந்த வழிகாட்டி முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டைக் கையாள்கிறேன்; இது முழுக்கக் கற்பனை. தென்பெண்ணைக்குத் தெற்கே ஒரு கிராமம். தலித் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞன், சிப்காட் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. முதல் மாதச் சம்பளத்தில் அவனுடைய அக்கா அவனுக்குத் தோல் செருப்பு வாங்கித் தருகிறாள். திருவிழா இரவில் அதைப் போட்டுக்கொண்டு ஊர்த்தெரு வழியாக நடக்கிறான். மூன்றாம் நாள், எல்லைக்கு அப்பால் ஒரு சவுக்குத் தோப்பில் உடல் கிடைக்கிறது.

செருப்பை நான் காரணத்தோடுதான் தேர்ந்தெடுத்தேன். புதுச்சேரியில் 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் ஐரோப்பியக் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தது குற்றமாக்கப்பட்டது. அவர் பாரிஸின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். வெள்ளையர் நீதிமன்றத்தில் தமிழனின் காலணி குற்றமாக இருந்த அதே காலத்தில், ஊர்த்தெருவில் தலித்தின் செருப்பும் குற்றமாகவே இருந்தது. முதலாவது குற்றத்துக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. உங்கள் புதினம் வரலாற்றுக் களத்தை விரும்பினால், இந்த இரண்டு செருப்புகளையும் ஒரே கதையில் சந்திக்க வையுங்கள்.

பிரான்ஸிலும் ரீயூனியனிலும் உறவினர்களைக் கொண்ட புதுச்சேரிக் குடும்பங்கள் ஏராளம். அங்கே இறந்த மகனுக்காக இங்கிருந்து மொழிபெயர்ப்பாளரோடு போராடும் தாயும் நல்ல கதைக்கருவே. ஆனால் அந்த நாட்டின் காவல், நீதி நடைமுறைகளை நேரில் அறிந்தவர்களே அதில் இறங்க வேண்டும்.

மூன்றாம் படி: துப்பறிபவரைக் குடும்பத்துக்குள் தேடுங்கள்

என் முதல் முயற்சியில் வழக்கறிஞரை நாயகனாக்கினேன். நாற்பது பக்கங்களுக்குப் பிறகு, குடும்பம் வெறுமனே அழுவதற்காக மட்டுமே காட்சிகளில் வந்துகொண்டிருப்பதைக் கண்டு அதைக் கைவிட்டேன். அலுவலகத்தில் நான் பார்த்தது அதற்கு நேர்மாறானது. எந்த வாய்தா எந்தத் தேதியில், எந்த நகல் எந்தப் பையில், எந்தச் சாட்சியின் வீட்டில் கல்யாணம் வருகிறது என்பதெல்லாம் குடும்பத்தில் ஒருவருக்கு மனப்பாடமாக இருக்கும். வழக்கறிஞர்கள் மாறுவார்கள், அந்த ஒருவர் மாற மாட்டார்.

எனக்கு நினைவில் நிற்பவர் ஓர் அம்மா. ஜவுளிக்கடை மஞ்சள் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் காகிதங்கள். எழுத்துக் கூட்டிக்கூட வாசிக்கத் தெரியாதவர். எனினும் எந்தத் தாளைக் கேட்டாலும் சரியாக எடுத்து நீட்டுவார். மகனின் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் ஓரத்தை மட்டும் மஞ்சள் தொட்டு அடையாளம் வைத்திருந்தார். 'இது எம் புள்ள கடைசியா இருந்த எடம்யா, கல்யாணப் பத்திரிகை மாதிரி மஞ்ச வச்சிருக்கேன்' என்று சொல்லிவிட்டு, அடுத்த தேதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொன்னார். அத்தகைய ஒருவருக்குப் பூதக்கண்ணாடி தேவையில்லை.

குடும்பம் ஒரே குரலில் பேசாது என்பதையும் மறந்துவிடாதீர்கள். அக்கா வழக்கை நடத்துவாள். 'இன்னொரு புள்ளையும் போயிடுவான்டி' என்று அம்மா தடுப்பார். பெரியப்பா ஊர்ப் பெரியவர்களோடு சமாதானம் பேசிவிட்டு வந்து நிற்பார். அவருடைய வயிற்றுப்பாடு அவர்களுடைய கரும்பு வயலில் இருக்கிறது. அண்ணன் ஒருவன் வெளிநாட்டிலிருந்து பணம் மட்டும் அனுப்புவான். போனில் தம்பியின் பெயரை உச்சரிக்க மாட்டான். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி கொலை வழக்குகளில் அரசின் நிவாரணத் தொகை பாதி பிரேதப் பரிசோதனைக்குப் பிறகும், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றத்துக்குப் போன பிறகும் வருகிறது. அந்த முதல் பாதி வீட்டுக்குள் வரும் நாளை முழு அத்தியாயமாக எழுதுங்கள். 'காசு வாங்கிட்டாங்க, இனிமே என்ன கேஸு' என்று ஊர் பேசும். பெரியப்பா கூரையை மாற்றச் சொல்வார். அம்மா அந்தப் பணத்தைத் தொடவே மாட்டார். கொலை செய்தவர்கள் தோன்றாத அத்தியாயம் அது. ஆனால் அதன் ஒவ்வொரு வரியிலும் அவர்கள் இருப்பார்கள்.

நான்காம் படி: காகிதங்களைத் தடயங்களாக்குங்கள்

இந்த வகைப் புதினத்தின் முதுகெலும்பு இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். சாதாரணக் குற்றக் கதையில் கைரேகை என்ன வேலை செய்கிறதோ, அதை இங்கே எழுத்து செய்கிறது. என்ன எழுதப்பட்டது, எது விடப்பட்டது, எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் என்று அக்கா ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும்.

முதலாவது புகார். அதை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீதை மட்டும் கொடுத்து அனுப்புவது வெகுகாலப் பழக்கம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்புக்கு முன்பா பின்பா உங்கள் கதை நடக்கிறது என்பதைப் பொறுத்து அக்காவின் வாதம் மாறும். முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும். அதில் எழுதப்பட்டிருக்கும் மொழியைக் கவனிக்கச் சொல்லுங்கள். நான் தட்டச்சு செய்த பல புகார் நகல்களில், மகனைப் பறிகொடுத்தவர் 'மேற்படி நபர்' என்று தன் மகனைக் குறிப்பிட்டிருப்பார். எந்தத் தாயும் அப்படி எழுதுவதில்லை. அந்தச் சொல்லைக் கண்டதும், பேனா யாருடையது, வாய் யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இரண்டாவது, பிரேத விசாரணை அறிக்கை. மரணத்தைச் சந்தேக மரணமாகப் பதிவதை நம் ஊரில் '174ல போட்டுட்டாங்க' என்பார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு அது. 2024 ஜூலைக்குப் பின் நடக்கும் கதையில் அது 194ஆகிவிடும். அந்த நாளைக்குப் பின்னும் பழக்கத்தில் மக்கள் 174 என்றே சொல்லலாம், ஆனால் காகிதத்தில் அப்படி வரக்கூடாது. இந்த ஒரு பிழை, விவரம் அறிந்த வாசகரின் நம்பிக்கையைக் கெடுத்துவிடும். காவலில் நடந்த மரணமானால் நீதித்துறை நடுவரின் விசாரணை தனியாக உண்டு. இந்த அறிக்கையில் உடலின் கிடை, உடை, காயம், அருகிலிருந்த பொருள்கள் எல்லாம் இருக்கும். பஞ்சாயத்தார் என்ற பெயரில் சிலர் கையெழுத்திட்டிருப்பார்கள். அவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று அக்கா கேட்கட்டும். நம் எடுத்துக்காட்டில், உடல் கிடந்த இடத்தைப் பார்த்துக் காவல்துறை எழுதும் பார்வை மகஜர் 'கால்களில் செருப்பு இல்லை' என்கிறது. கைப்பற்றிய பொருள்களின் பட்டியல் 'ஒரு ஜோடி ரப்பர் செருப்பு' என்கிறது. அவனிடம் ரப்பர் செருப்பே இருந்ததில்லை. தோல் செருப்பைக் காட்டினால் ஊர்த்தெருவைச் சொல்லியாக வேண்டும் என்பதால், யாரோ ஒருவர் அந்த இரவில் வேறொரு ஜோடியைத் தேடிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார்.

மூன்றாவது, பிரேதப் பரிசோதனை. பிணவறை வாசலில் கழியும் இரவை நேரில் அறியாதவர்கள் அவசரமாகக் கடந்துவிடுவார்கள். சூரியன் மறைந்த பிறகும் பரிசோதனை செய்யலாம் என்று 2021 நவம்பரில் மத்திய அரசு அனுமதித்தபோதும், கொலை, தற்கொலை, சந்தேகத்துக்குரிய மரணம் ஆகியவற்றை, சட்டம் ஒழுங்கு நெருக்கடி இருந்தாலன்றி, அதற்கு வெளியிலேயே வைத்தது. ஆகவே குடும்பம் விடியும்வரை அங்கேயே இருக்கும். விடிந்ததும் உடலை வாங்க மறுப்பார்கள். குற்றவாளிகளைக் கைது செய், வன்கொடுமைப் பிரிவைச் சேர், பிறகு வாங்குகிறோம் என்பார்கள். இறந்தவனின் உடல்தான் அவர்கள் கையில் இருக்கும் ஒரே பிடி என்பதும், அந்தப் பிடியை எத்தனை நாள் வைத்திருக்க அம்மாவின் மனம் தாங்கும் என்பதும் ஒன்றோடொன்று மோதும் இடம் அது. சமாதானம் பேச வருகிற அதிகாரியை முரடராக எழுதாதீர்கள். அவர் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுப்பார்.

நான்காவது, தகவல் அறியும் உரிமை மனு. 2005ஆம் ஆண்டுச் சட்டம், 10 ரூபாய்க் கட்டணம், 30 நாள் கெடு. அக்கா நிலையப் பொது நாட்குறிப்பின் அன்றைய பக்கத்தைக் கேட்பாள். புலன்விசாரணைக்கு இடையூறு என்று 8ஆம் பிரிவைக் காட்டி மறுப்பார்கள். மேல்முறையீடு செய்வாள். மறுக்கிற கடிதமும் ஒரு காகிதம்தான்: அப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்பதை அது ஒப்புக்கொண்டுவிடுகிறது.

ஐந்தாவது, வழக்கைக் கைவிட்டதாக வரும் ஆர்.சி.எஸ். அறிவிப்பு. ஒரு பக்கக் கடிதம், கீழே கையெழுத்துக்கு இடம். தபால்காரரிடம் கையெழுத்திட்டு வாங்கும்போது, அது என்னவென்று குடும்பத்துக்குத் தெரியாமலே போகலாம். அதை எதிர்த்து மனுப் போடலாம் என்பதை அவர்களுக்கு யார் சொல்கிறார் என்பதில் கதையின் திருப்பம் ஒன்று இருக்கிறது. எனக்குக் கேட்டால், தட்டச்சர் சொல்லட்டும் என்பேன்.

தடயம் எவ்வளவு சிறியதாக இருக்கலாம் என்பதற்கு லாரன்ஸ் வழக்கையே பாருங்கள். ஒரு மேற்சட்டையின் கழுத்துப்பட்டையில் அரை மில்லிமீட்டர் நீளமும் கால் மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஓர் இரத்தத் துளி, கொலை நடந்து 18 ஆண்டுகளுக்குப் பிறகு 2012 ஜனவரியில் இருவர் சிறைக்குப் போன வழக்கில், அவர்களில் ஒருவருக்கு எதிரான முக்கியத் தடயமானது. ஒரே குற்றத்துக்கு மறுவிசாரணை இல்லை என்ற விதி இங்கிலாந்தில் அதற்குள் திருத்தப்பட்டிருந்தது. அந்தத் திருத்தத்துக்கு வழி திறந்ததும் அந்தக் குடும்பத்தின் போராட்டம்தான்.

ஐந்தாம் படி: ஒரு காட்சியை மிக அருகில் எழுதுங்கள்

புதினம் முழுவதும் தகவல் நிரம்பிவிடும் என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து, சட்டத்தை ஒருவருடைய வாயில் வைத்துப் பேசவிடுவதுதான். மூன்றாம் நாள் காலை, உடல் கிடைப்பதற்குச் சற்று முன், அக்கா புகாரோடு நிலையத்துக்கு வருகிறாள். நிலையத்தின் எழுத்து வேலையைப் பார்க்கும் காவலரான ரைட்டர் தாளை வாங்கிப் படிக்கிறார்.

"இதுல சாதி எதுக்கும்மா? ஆளக் காணும்னு மட்டும் எழுது. தேடித் தர்றோம்."

"அவங்க தெரு வழியா செருப்பு போட்டுகினு போனான்னுதான்யா அடிச்சாங்க. அத எழுதாம எப்பிடிய்யா?"

"எழுதினா டி.எஸ்.பி. விசாரிக்கணும். அவரு பந்தோபஸ்துல இருக்காரு. அவரு வர்ற வரைக்கும் ஒன் தம்பிய யாரு தேடறது, நீயே சொல்லு."

அக்கா வெளியே வந்து, வேப்பமரத்தடியில், முழங்காலில் தாளை வைத்துப் புகாரை மறுபடி எழுதினாள். ஒரே ஒரு வரியை விட்டுவிட்டாள். பழைய தாளைக் கிழிக்க மனமில்லாமல் நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

வன்கொடுமை வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாதவர் விசாரிக்க வேண்டும் என்ற 1995ஆம் ஆண்டு விதி, பாதிக்கப்பட்டவரைக் காப்பதற்காக எழுதப்பட்டது. ரைட்டர் அதையே புகாரைச் சுருக்குவதற்கான காரணமாக்கிவிடுகிறார். அதுவும் தம்பியைத் தேடும் அக்கறையின் தொனியில். அந்த மனிதர் பொய் சொல்கிறாரா, உண்மையிலேயே உதவுவதாக நினைக்கிறாரா என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடாதீர்கள். மீதிப் புதினம் முழுவதும், விடுபட்ட அந்த ஒரு வரியைப் பதிவேட்டுக்குள் திரும்பக் கொண்டுவரும் போராட்டம்தான். பொதுப் பணியாளர் தம் கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் அதுவும் குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. மடித்து வைத்த தாள் என்றாவது ஒருநாள் அந்தப் பிரிவைச் சந்திக்கும்.

அந்தப் பழைய தாளில் அக்கா 'செறுப்பு' என்று எழுதியிருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் றகரம் அது. இதற்கு ஒரு வேலை இருக்கிறது.

ஆறாம் படி: எதிரில் நிற்பவர்களை மனிதர்களாக எழுதுங்கள்

குற்றவாளியை மீசை முறுக்கும் கொடியவனாக எழுதினால் வாசகர் தப்பித்துக்கொள்வார். தான் அப்படிப்பட்டவரில்லை என்று நிம்மதியாகப் புத்தகத்தை மூடுவார். தம்பிக்குப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர், அன்று இரவு தன் வீட்டுத் திண்ணையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தவராக இருக்கட்டும். நீதிமன்றத்தில் அவர் பிறழ் சாட்சியாகும் நாளுக்கு முன், அவருடைய மகளின் நிச்சயதார்த்தத்தைக் காட்டுங்கள். கூண்டில் நின்று 'எனக்கு எதுவும் தெரியாது' என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்குகிறவர், அக்காவைக் கடக்கும்போது தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடக்கட்டும்.

ஏழாம் படி: காலத்தைக் கணக்கில் எடுங்கள்

2003 ஜூலையில் விருத்தாசலம் அருகே புதுக்கூரைப்பேட்டையில், சாதி மறுத்து மணந்துகொண்ட இளம் இணையை நஞ்சூட்டிக் கொன்று எரித்தார்கள். உள்ளூர்க் காவல்துறை உடனே வழக்குப் பதியவில்லை. பதிந்தபோது, கொல்லப்பட்ட தலித் இளைஞரின் உறவினர்களையும் குற்றவாளிகளாகச் சேர்த்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2004இல் சி.பி.ஐ. கைக்கு விசாரணை மாறியது. கடலூர் சிறப்பு நீதிமன்றம் 2021 செப்டம்பர் 24 அன்று தீர்ப்பளித்தபோது, தண்டிக்கப்பட்டவர்களில் காவல் அதிகாரிகளும் இருந்தார்கள். 2022இல் உயர் நீதிமன்றம் ஒருவரின் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்து, இருவரை விடுவித்தது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்து, இளைஞரின் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. கணக்கிட்டுப் பாருங்கள், 22 ஆண்டுகள். அந்த ஆண்டில் பிறந்த குழந்தை இன்று கல்லூரி முடித்திருக்கும்.

இந்த நீளத்தை 'ஆண்டுகள் உருண்டோடின' என்று எழுதிக் கடக்காதீர்கள். நம் ஊருக்கென்று காலக் குறிகள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. நீதிமன்றம் அந்த வாரம் நடக்கவில்லை, முக்கியமான வாய்தா தள்ளிப்போனது. 2011 டிசம்பர் 30 தானே புயல். கூரை போனது, பிளாஸ்டிக் உறைக்குள் தண்ணீர் புகுந்தது, அம்மா காகிதங்களை அடுப்பங்கரையில் ஒவ்வொன்றாக உலர்த்தினார், ஒரு கையெழுத்து மட்டும் கரைந்துபோயிற்று. 2015 வெள்ளத்தில் சாட்சி ஒருவர் ஊரை விட்டே போனார். இப்படி எழுதினால் வாசகர் தம் வாழ்வின் அந்த நாட்களை எண்ணிப் பார்ப்பார். தமக்கு மறந்துபோன காலம் முழுவதும் இந்தக் குடும்பம் வழக்கு நடத்திக்கொண்டிருந்தது அப்போது அவருக்கு உறைக்கும்.

எட்டாம் படி: உண்மையான குடும்பங்களை மதியுங்கள்

நடந்த வழக்கிலிருந்து எடுக்கலாம். அதில் பாதிக்கப்பட்டவர்களின் வாழ்வை அப்படியே தூக்கி வரக்கூடாது. பெயர், ஊர், உறவு, காயத்தின் தன்மை ஆகிய நான்கில் மூன்றையாவது மாற்றுங்கள். மேல்முறையீடு நிலுவையிலிருக்கும் வழக்கைத் தொடவே வேண்டாம். கொலையைக் கண்முன் நடத்திக் காட்டுவதையும் நான் ஏற்கவில்லை; இறந்தவனின் தாய் படிக்கக்கூடிய பக்கமா அது என்று கேட்டுக்கொண்டால் எத்தனை வரிகள் வேண்டும் என்று கை தானே சொல்லும். தலித் அல்லாத எழுத்தாளர் என்றால், அச்சுக்குப் போகுமுன் அந்தக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, அவர் சிவப்பு மையில் அடித்ததை வாதாடாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். வழக்கு நடைமுறையைச் சரிபார்க்க, குற்றவியல் வழக்கறிஞர் ஒருவர் தனியாக வேண்டும்.

ஒன்பதாம் படி: முடிவை எங்கே நிறுத்துவது

தீர்ப்போடு முடிக்க எல்லோருக்கும் ஆசை வரும். தீர்ப்பு நாளில் குடும்பங்கள் ஆடிப்பாடி நான் பார்த்ததில்லை. தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு எப்போது மனுப் போடலாம் என்றுதான் கேட்பார்கள், எதிர்த்தரப்பு மேல்முறையீட்டுக்குப் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே தீர்ப்புக்குச் சற்று முன்பான ஒரு வேலை நாளில் முடிப்பதே என் தேர்வு. நான்காக மடித்த அந்தத் தாள் சான்றாவணமாக ஏற்கப்பட்டு, அது வாசிக்கப்படும் நாள். நீதிபதி மேலே இருக்கிறார், மின்விசிறி சுற்றுகிறது, வாசிப்பவர் 'செறுப்பு' என்ற இடத்தில் தயங்கி, திருத்தி வாசிக்கட்டுமா என்று நிமிர்ந்து பார்க்கிறார். எழுதியுள்ளபடியே வாசியுங்கள் என்று பதில் வருகிறது.

கையெழுத்துப்படி முடிந்ததும், முதல் புகாரில் அக்கா எழுதிய வரியையும் இந்தக் கடைசி அத்தியாயத்தில் வாசிக்கப்படும் வரியையும் இரண்டு தாள்களில் அருகருகே வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று சரிபாருங்கள். மெய்ப்புத் திருத்துகிறவரிடமும் அந்த றகரத்தைத் தொட வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.